கண்மாய்க் கரையில் காசு கொடுத்துப் பட்டினி

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்கள் தொழிலில் முதலில் பறப்பது வாத்தியாருக்குக் கொடுக்கிற மரியாதை.

தொழில் என்னவென்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். காட்டில் வழி தப்பினால், வெள்ளத்தில் எங்காவது ஒதுங்கினால், ஆள் அரவம் இல்லாத இடத்தில் வண்டி நின்றுபோனால், உதவி வரும்வரை ஒன்றிரண்டு நாள் எதைத் தின்று உயிரோடு இருப்பது? அதைச் சொல்லிக்கொடுப்பது. எது கீரை, எது விஷம், எந்தப் பொந்தில் நண்டு, எந்தப் பொந்தில் பாம்பு. ராணுவத்தில் எனக்கு இதைப் பழக்கினார்கள். அங்கே கேள்வி கேட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடவிடுவார்கள். இங்கே கேள்வி கேட்கிறவர்தான் கஸ்டமர்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு திருநகர் வீட்டில் சும்மா இருந்தவனை இழுத்து வந்தவர் ஜெயசீலன். பக்கத்துத் தெரு. மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். "அண்ணே, இப்பல்லாம் சனங்க காசு கொடுத்துப் பட்டினி கெடக்கத் தயாரா இருக்காங்க" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் உண்மைதான். சனிக்கிழமை காலையில் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் போகிறார்கள். நடுவில் அவர்களே தேடிப் பிடித்ததுதான் சாப்பாடு. கேம்ப் என்கிறார்கள். வேனில் ஏறி வந்து இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். திரும்பிப் போகிற முகத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இடம், செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை. ஊர்ப் பெயர் வேண்டாம். எல்லோரும் கூட்டமாகப் போய் நிற்பீர்கள். ஊர்ப் பெரியவர் முத்தையா அம்பலத்திடம் போய்க் கேட்டோம். "கீரை, கிழங்கு பார்க்க ஆளுகளைக் கூட்டி வாரோம்" என்றேன். எனக்கு அதற்கு மேல் பேச வராது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கீரை பறிக்கலாம், கிழங்கு தோண்டலாம், நண்டு பிடிக்கலாம். மீனை மட்டும் தொடக் கூடாது. கோடையில் தண்ணீர் வற்றும்போது அங்கே மீன்பிடித் திருவிழா. கண்மாய் அய்யனாரைக் கும்பிட்டு, அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால்தான் சனம் வலையும் மூங்கில் கூடையுமாக இறங்கும். அதற்கு முன்னால் மீன் போனால் அடுத்த வருஷம் மழை தவறும் என்பது ஊர் நம்பிக்கை.

"ஒத்த மீனு. ஒத்த மீனு குறைஞ்சாலும் அன்னைக்கே கொட்டகையைப் பிரிச்சிரணும், பாத்துக்கங்க" என்றார் அம்பலம். வாக்குக் கொடுத்தேன். மதுரையைச் சுற்றி எல்லாத் திசையிலும் அலைந்து, எல்லா இடத்திலும் பிளாட் கல் நட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போயிருந்தோம். அந்தக் கரை போனால் தொழில் போச்சு.

ஆக, மீன் துள்ளுகிற தண்ணீருக்கு முன்னால் ஆட்களைப் பசியோடு உட்காரவைத்து, மீனைப் பார்க்காதே என்று சொல்வது என் உத்தியோகம். கண்டக்டரோ, டியூஷன் வாத்தியாரோ, ரேஷன் கடைக்காரரோ, சனங்களோடு மாரடித்துப் பிழைக்கிறவர் யாராக இருந்தாலும் மேலே படியுங்கள். உங்களுக்குப் புரியும்.

பேய்க்குப் பயந்தவர்

வந்து இறங்கியதும் பையைச் சோதிப்பேன். பிஸ்கட், மிக்சர், சீடை எல்லாம் ஜெயசீலனின் தகர டிரங்குக்குள் போய்விடும். எனக்குப் பிடிக்காத வேலை. ஆனால் மதுரைக்காரன் பட்டினி கிடக்கப் போனாலும் கட்டுச்சோறு இல்லாமல் கிளம்பமாட்டான்.

ஒரு வங்கிக்காரர். பையில் ஒன்றுமே இல்லை. துண்டு, பற்பசை, டார்ச் லைட். சபாஷ் என்று நினைத்தேன். அடியில் கையை விட்டால் ஒரு அடுப்புக்கரித் துண்டு. "இது எதுக்கு?" என்றேன். "பல் விளக்க சார்." "அப்ப பேஸ்ட் எதுக்கு?" உங்களுக்கும் தெரியும், வீட்டிலிருந்து கறிச் சாப்பாடு வெளியே போனால் காத்து கருப்பு அண்டக் கூடாதென்று கூடவே ஒரு கரித்துண்டைப் போட்டு அனுப்புவார்கள். மனிதர் டப்பாவை எடுத்து ஒளித்தவர், கரியை மறந்துவிட்டார். படுக்கையைப் பிரிக்கச் சொன்னேன். போர்வைக்குள் எவர்சில்வர் டிபன் டப்பா. திறந்ததும் கரை முழுக்கச் சுக்கா வாசனை. மற்றவர்கள் அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

டப்பா டிரங்குக்குள் போனது. ஜெயசீலன் பூட்டுப் போடுகிறவரை வங்கிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்:

"எல்லாம் என் வீட்டுக்காரி வேலை சார். பேய்கிட்ட இருந்து காப்பாத்துறேன்னு உங்ககிட்ட மாட்டிவிட்டுட்டா."

பொழுது சாய்ந்த கீரை

காளவாசலில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம். அண்ணன் தம்பிகள், அவர்கள் வீட்டம்மாக்கள். நல்ல உழைப்பாளிகள். மத்தியானம் முழுக்க வெயிலில் குனிந்து பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி, சாரணத்தி என்று குவித்துவிட்டார்கள். என் சட்டம் ஒன்று உண்டு. எனக்குத் தெரியாத இலை ஒன்று கலந்திருந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுவேன். ஆகவே ஒவ்வொரு இலையாகப் பார்த்தோம். நேரம் போனது. பிறகு தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுகிற பாடம். அதில் ஒரு யுகம் போனது. பஞ்சு பற்றி, சுள்ளி பற்றி, பானையில் கீரை வெந்து இறங்கும்போது சூரியன் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

மூத்த மருமகள் வானத்தைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். "பொழுது சாஞ்சிருச்சு." அவ்வளவுதான். ஒருத்தரும் தொடவில்லை. ராத்திரியில் கீரை சாப்பிடக் கூடாதாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை. பானையைச் சுற்றி உட்கார்ந்து ஆவியைப் பார்க்கிறார்கள். கை மட்டும் நீளவில்லை. "இன்னும் முழுசா இருட்டலையே" என்றேன். "விளக்கு வைக்கிற நேரம் வந்தா ராத்திரிதான் சார்" என்றார் சின்ன மருமகள். "காட்டுல மாட்டிக்கிட்டவன் கடிகாரம் பார்ப்பானா?" என்று கத்தினேன். கத்தியதில் எனக்குத்தான் பசி வந்தது. கடைசியில் நானும் ஜெயசீலனும் சாப்பிட்டோம். எங்களுக்கு ஏதாவது ஆகிறதா என்று குடும்பமே விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூத்த அண்ணன் எனக்குப் புத்தி சொன்னார்:

"பசியில செத்தா விதின்னு விட்றலாம் சார். ராத்திரி கீரையைத் தின்னு செத்தா ஊரு சிரிக்குமே?"

நண்டுப் பொந்து

வயல் வரப்பில் நண்டுப் பொந்து இருக்கும். முதலில் குச்சியை விடு, கையை விடாதே. பொந்துக்குள் நண்டு மட்டும்தான் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இதை நான் தொண்டை வற்றச் சொல்லுவேன். ஒரு கம்பெனி மேனேஜர், சொல்லி வாயை மூடுவதற்குள் கையை விட்டார். அடுத்த நொடி "புடிச்சாச்சு! புடிச்சாச்சு!" என்று ஒரே கூச்சல். அவருடைய ஆட்கள் கை தட்டினார்கள்.

கையை வெளியே எடுத்தார். சுண்டுவிரலில் நண்டு தொங்கியது. கூச்சல் ராகம் மாறியது. ஜெயசீலன் ஓடிப்போய் கொடுக்கை நெம்பி விரலை மீட்டார். நண்டு நிதானமாகப் பொந்துக்குள் திரும்பியது. ஆட்கள் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் நின்றார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறதல்லவா. ஜெயசீலன் மட்டும் யாருக்கும் பயப்படாதவர்:

"அண்ணே, இன்னைக்குச் சாப்பாடு தேடிப் புடிச்சது நண்டுதான்."

மயில்

எங்கள் பக்கம் காக்காயைவிட மயில் அதிகம். காலையில் கூடாரத்து வாசலில் வந்து நின்று அகவும். முயல், உடும்பு, கௌதாரி, மயில் எதையும் தொடக் கூடாது, சட்டப்படி குற்றம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆனாலும் பசித்தவன் கண் மயிலின் தோகையைப் பார்ப்பதில்லை. தொடையைத்தான் பார்க்கும்.

ஒருவர், டைல்ஸ் வியாபாரி, ஒரு மயிலின் பின்னாலேயே வரப்பில் நடந்துகொண்டிருந்தார். கூப்பிட்டேன். "அதுல கை வெச்சா உள்ளே தூக்கி வெச்சிருவான்" என்றேன். சற்று யோசித்தார். நான் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்:

"உள்ளே மூணு வேளையும் சாப்பாடு உண்டுல்ல சார்?"

மருந்துக்கு வந்தவர்

மழை முடிந்த மாதங்களில் நத்தை கிடைக்கும். வயல் நத்தை. நன்றாக வேகவைத்து, ஓட்டை உடைத்து, குடலை எடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் ஆஸ்பத்திரி. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாலே பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் முன்வரிசையில் வந்து நின்றார். தலைமைக் குமாஸ்தா. ஒடிசலான ஆள். ஒரு நத்தையும் விடவில்லை. மற்றவர்கள் ஒதுக்கியதையும் வாங்கிக்கொண்டார். "மிளகு இருக்கா சார்? கொஞ்சம் ரசமா வெச்சா எறங்கும்" என்றார். காட்டில் மிளகு ஏது என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஆர்வமுள்ள மாணவன் வாத்தியாருக்குக் கிடைப்பது அபூர்வம்.

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். நான் யாரையும் புகழ்கிறவன் அல்ல. கேம்ப் முடிந்து வேன் கிளம்பும்போது தனியாக வந்தார். கையில் காலி டப்பா. உட்காரும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். நம் ஊரில் நத்தையை எந்த வியாதிக்குத் தேடித் தின்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"எனக்குத் தேவலை சார். எங்க மாமனாருக்கும் மூலம்தான், அவருக்கு ஒரு பார்சல் கிடைக்குமா?"

புகை வந்த திசை

வழி தப்பினால் என்ன செய்ய வேண்டும்? நின்று காதைக் கொடு. நாய்ச் சத்தம், மைக் சத்தம் கேட்கிறதா பார். புகை எழுகிறதா பார். புகை இருந்தால் மனிதன் இருப்பான். ரொம்ப முக்கியமான பாடம். எந்தப் பசித்த கூட்டத்துக்குச் சொன்னாலும் கொட்டாவி விடுவார்கள். காரணம், அதில் தின்ன ஒன்றுமில்லை.

ஒரு தடவை நர்சுகளும் லேப் டெக்னீஷியன்களுமாக ஒரு பெரிய கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டிக்கிழங்கு தோண்ட அனுப்பினேன். கண்மாய்ச் சேற்றில் கிடைக்கிற கிழங்கு. வேகவைத்தால் பசிக்கு நன்றாகவே இருக்கும். போனவர்கள் வரவில்லை. கண்மாய்க்குள் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மண்வெட்டிகள் மட்டும் வரிசையாகப் படுத்திருந்தன. எனக்கு முதலில் வந்த நினைப்பு மீன்தான். எவனாவது மீனைத் தொட்டு, ஊர் வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டதோ? "ஜெயசீலா, தொழில் போச்சு" என்றேன். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினோம். இந்த வயதில்.

ஊருக்குள் நுழைந்தால் கருப்பசாமி கோவிலில் கிடாவெட்டு. மைக் செட் அலறுகிறது. பத்து அடுப்புப் புகை வானத்துக்குப் போகிறது. பந்தியில் முதல் வரிசையில், சேற்றுக் காலோடு, என் மாணவர்கள். இலையில் சோறு மலை மாதிரி. ஒருத்தி நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கை ஓங்கியபடி நின்றேன். கூட்டத்தின் தலைவி மாதிரி இருந்த நர்சம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. "புகை வந்த திசையில போகச் சொன்னது நீங்கதான சார்? மைக் சத்தமும் கேட்டுச்சு. ரெண்டும் சரியா இருந்துச்சு" என்றார்.

பாடம் நடத்திய இத்தனை நாளில் ஒரு பாடத்தை முழுசாகக் கடைப்பிடித்த ஒரே கூட்டம் அதுதான். என்ன சொல்லித் திட்டுவது? முத்தையா அம்பலம் குழம்பு வாளியோடு பந்தியில் வந்துகொண்டிருந்தார். என் ஓங்கின கையைப் பிடித்து இறக்கினார். தோளை அமுக்கி உட்கார வைத்தார்:

"கோவிச்சுக்கிறதெல்லாம் கைகழுவுனதுக்கு அப்புறம். உங்களுக்கு எலும்பா, கறியா?"

விரால்

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதற்குப் பிறகு என் தொழில் பழையபடி இல்லை.

மீன்பிடித் திருவிழா நெருங்கிவிட்டது. கண்மாய் வற்றி நடுவில் ஒரு குட்டை மட்டும். அதில் மீன், கொதிக்கிற உலையில் அரிசி மாதிரி புரள்கிறது. "இந்த வாரம் கேம்ப் வேண்டாம்" என்றேன். "புக்கிங் ஆயிருச்சுண்ணே, நம்ம பார்த்துக்குவோம்" என்றார் ஜெயசீலன். பார்த்துக்கொண்டோம்.

பாலமுருகன் என்று ஒருவர் வந்தார். வில்லாபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை. மனைவி கவிதாவும் கூட வந்தார். வேனிலிருந்து இறங்கும்போதே கவிதா அறிவித்துவிட்டார்: "இவரால ஒரு நேரம் பசி தாங்க முடியாது சார். பந்தயம் கட்டித்தான் கூட்டி வந்திருக்கேன்." பந்தயத்தில் ஜெயிக்க மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோவைக்காய் பறிக்கப் போய் வேலிமுள்ளில் சட்டை கிழிந்தது. கிழங்கு என்று தோண்டியது வெறும் வேர். கவிதாவுக்கு நண்டு கிடைத்தது; அவர் கொடுத்தும் இவர் வாங்க மறுத்துவிட்டார், ரோஷம். கடைசியில் சப்பாத்திக்கள்ளிப் பழம் இரண்டு. அதையும் முள்ளைத் தேய்க்காமல் வாயில் வைத்து, சாயங்காலம் முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டு மனைவி மடியில் கிடந்தார். கவிதா டார்ச் அடித்து முள் எடுத்தார். "வாயைத் தொறங்க. இதுக்குத்தான் வாயைத் தொறக்கவே கூடாதுங்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூச்சல். திரும்பிப் பார்த்தேன். இடுப்புவரை சேறு. தலைக்கு மேல் தூக்கின இரண்டு கையிலும் சேர்த்து ஒரு விரால். முழங்கை நீளம். "கவிதா! ஏ கவிதா! இங்க பாரு!" என்று கரை அதிர ஓடி வருகிறார் பாலமுருகன். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தூக்கியிருக்கமாட்டார்.

"விடுய்யா அதை!" என்று நானும் ஓடினேன்.

"சார், கண்மாயிலதான புடிக்கக் கூடாது? இது தனியா ஒரு குழியில கெடந்துச்சு சார்!"

விரால் தண்ணீர் இல்லாமலும் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்கும் பொறுமை போய், வாலால் அவர் கன்னத்தில் ஒன்று வைத்தது. அப்போதும் விடவில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் ஊரே கரையேறிவிட்டது. முன்னால் முத்தையா அம்பலம். எல்லார் கண்ணும் விரால் மேல்.

"குழியில கெடந்துச்சுங்க" என்றார் பாலமுருகன் மறுபடியும். குரல் இறங்கியிருந்தது.

"குழி கண்மாய்க்குள்ளதானய்யா இருக்கு?" என்றார் அம்பலம். என் பக்கம் திரும்பினார். "வாக்குக் கொடுத்தீக."

"கொடுத்தேன்."

"இப்ப என்ன சொல்றீக?"

"தப்புதான். பிரிச்சிர்றோம்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? குழி, குட்டை என்று வக்கீல் பேச்சுப் பேசுகிற வயது எனக்கு இல்லை. ஜெயசீலன் கூடாரத்துக் கயிற்றை அவிழ்க்கப் போனார். பள்ளிக்கூடத்தில் கொடி இறக்குகிற மாதிரி மெதுவாக அவிழ்த்தார்.

"மொதல்ல அந்த உசுரைத் தண்ணியில விடு" என்றார் அம்பலம். பாலமுருகன் குட்டைக்குள் இறங்கி அதை விட்டார். விரால் ஒரு சுழி சுழித்துவிட்டுப் போனது. "அய்யனாரைப் பார்த்து ஒரு கும்பிடு போடு." போட்டார். கரையேறினார். இரண்டு அடி வைத்தவர், கண் சொருகி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கவிதா "ஐயோ" என்று ஓடிவந்து தலையைத் தாங்கிக்கொண்டார்.

ஆடு மேய்த்த அம்மா குனிந்து பார்த்தார். இவ்வளவு நேரம் கத்திய அதே வாய்தான். "என்னப்பா, கண்ணு இருட்டுதா? எப்பச் சாப்பிட்ட?"

"நேத்துக் காலையில இட்லி... அப்புறம் ரெண்டு கள்ளிப்பழம்."

"ஏன், என்னாச்சு? சோறு பொங்கலையா?"

"சோறு கெடையாதுக்கா. அதுதான் கேம்ப்பு."

ஊர் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கீரை, கிழங்கு பார்க்க வருகிறோம் என்று நான் சொன்னதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ காலேஜ்காரர்கள், ஆராய்ச்சி, வேனில் சாப்பாடு வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்கள்.

"அப்ப இம்புட்டு நாளா எங்க ஊரு எல்லையில ஆளுகளைப் பட்டினியா போட்டிருக்கீக?" என்றார் அம்பலம். மீனுக்குக்கூட அந்தக் குரல் வரவில்லை.

"காசு கொடுத்துத்தான் வாராங்க" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"காசையும் வாங்கிக்கிட்டா?" என்று ஒரு அம்மா. "பெத்தவ பார்த்தா வயிறு எரியாது?" என்று இன்னொரு அம்மா. "நீங்க சாப்பிட்டீகளா?" என்று மூன்றாவது அம்மா என்னையே கேட்டார். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். காலையில் வீட்டிலிருந்து வந்த பொங்கலைச் சாப்பிட்டிருந்தேன். "நான் வாத்தியார். சாப்பிட்டேன்" என்றேன். அதோடு போச்சு. எல்லைச் சண்டையில்கூட நான் அப்படி நாலா பக்கமும் வாங்கியதில்லை. ஜெயசீலன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டார். பி.டி. மாஸ்டர்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும்.

அம்பலம் நாலு பெரியவர்களோடு வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினார். நான் வெயிலில் நின்றேன். திரும்பி வந்தார்.

"ஊரு முடிவைச் சொல்றேன். மீனு பொழைச்சிருச்சு. தெரியாமச் செஞ்சது, அய்யனாரு மன்னிப்பாரு. கரையில நீங்க இருந்துக்கலாம். ஆனா ஒண்ணு. இனிமே வார ஆளுக எல்லாம் மொதல்ல ஊருக்குள்ள வந்து, சோறு தின்னுட்டுத்தான் கரைக்குப் போகணும். வயிறு நெறைஞ்சவன் மீனைப் பார்ப்பான், தொடமாட்டான். அதுக்கு மேல பட்டினி கெடக்குறது அவுகவுக இஷ்டம்."

"ஐயா, இதோட நோக்கமே என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். கூடாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. "சரிங்கய்யா! அப்படியே செஞ்சிருவோம்!" என்றார் ஜெயசீலன். அவிழ்த்த கயிற்றை அவர் திரும்பக் கட்டிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் கரைக்குச் சோறு வந்துவிட்டது. கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய், ஒரு தூக்குவாளி மோர். பாலமுருகன் மூன்றாவது தடவை சோறு வாங்கும்போது, பந்தயத்தில் தோற்றுவிட்டீர்களே என்றேன். அவர் நிமிரவில்லை. கவிதாதான் அவர் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே பதில் சொன்னார். அந்தம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை:

"தோத்தா என்ன சார்? அம்புட்டுப் பெரிய விராலை வெறுங்கையால புடிச்சாரே, பார்த்தீங்கல்ல?"

ஆக, காட்டுணவு தேடி உயிர் பிழைக்கும் எங்கள் பயிற்சியில் இப்போது முதல் பாடம், பந்தியில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடுவது.